ஆயிரம் வேரா, ஆயிரம் பேரா?

போன வாரம் ஒரு நண்பர் போன் செய்தார். பேங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வந்த பணத்தை ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்டுவிட்டு, வட்டி விகிதத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற லட்சக்கணக்கானவர்களில் ஒருவர்.

“ஸார், ஒரு நல்ல விஷயம் வந்திருக்கு. மாப்பிள்ளையோட ஃப்ரெண்ட் ஒருத்தர் கம்பெனி ஆரம்பிச்சிருக்கார். ஹெல்த் கேர்... அதுல ஏ.ஐ.! ரிப்போர்ட்டைக் காட்டினா கம்ப்யூட்டரே வியாதியைச் சொல்லிடுமாம். இப்பப் போட்டா அஞ்சு வருஷத்துல பத்து மடங்குங்கறாங்க. பத்து லட்சம் போடலாம்னு பார்க்கறேன். நீங்க என்ன சொல்றீங்க?”

முதலீடு பற்றி எனக்குத் தெரிந்ததை ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிட்டு, மீதி இடத்தில் நலம் விசாரித்துவிடலாம். அதனால் சும்மா ஒரு கேள்வி கேட்டேன்.

“நாளைக்கு உங்க வீட்டம்மாவுக்கு நெஞ்சு வலின்னா, அந்தக் கம்ப்யூட்டர் சொல்றதை நம்பி வைத்தியம் பார்ப்பீங்களா?”

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “அது வேற ஸார்... இது வேற” என்றார்.

அது வேற, இது வேறதானா? இந்த வாரம் உங்களோடு உட்கார்ந்து இதைத்தான் யோசிக்கப் போகிறேன்.

முதலில் ஒரு சங்கடமான கேள்வியைத் தீர்த்துவிடுவோம். அடுத்தவன் வியாதியில் லாபம் பார்ப்பது பாவமா? ‘வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு’ என்ற ஊர் நம்முடையது. வைத்தியத்தில் காசு புழங்குவதையே கொஞ்சம் முகம் சுளித்துப் பார்க்கிறவர்கள் நாம்.

இன்சுலின் கதை தெரியும்தானே? கண்டுபிடித்தவர்கள் 1923-ல் அதன் காப்புரிமையை டொரன்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு டாலர்! இதைக் கேட்டதும் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றுகிறது. ஆனால், கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்து லேபில் காய்ச்சி எடுத்த மருந்து விரல்விட்டு எண்ணக்கூடிய நோயாளிகளுக்குத்தான் போதுமானதாக இருந்தது. மாட்டின் கணையம், பன்றியின் கணையம் என்று டன் கணக்கில் வாங்கி, சுத்தம் செய்து, லட்சக்கணக்கானவர்களுக்குப் போய்ச் சேரும்படி தயாரித்தது எலி லில்லி போன்ற கம்பெனிகள். முதல் போட்டவன் இல்லையென்றால், அந்த ஒரு டாலர் தியாகம் டொரன்டோவைத் தாண்டியிருக்காது.

அதே இன்சுலினுக்கு நூறு வருடம் கழித்து என்ன ஆயிற்று? அமெரிக்காவில் விலை கட்டுப்படியாகாமல் ஊசியை அளவு குறைத்துப் போட்டுக்கொண்டவர்கள் இருந்தார்கள். ஏகப்பட்ட கூச்சலுக்குப் பிறகு 2023-ல்தான் பெரிய கம்பெனிகள் விலையைக் குறைத்தன.

ஆக, பணம் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. அது எந்த வாசல் வழியாக உள்ளே வருகிறது, தப்பு நடந்தால் யார் தலையில் விடிகிறது என்பதுதான் கேள்வி.

இந்த விஷயத்தில் நான் நடுநிலைமைக்காரன் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவுக்கு இருபது வருடம் சர்க்கரை. மாத்திரை தவறாது, பத்தியம் தவறாது. ஒருநாள் காலையில் கோலம் போட்டுவிட்டு வந்து, “கண்ணு முன்னால கருப்பா நூல் மாதிரி என்னமோ மிதக்குதுடா” என்றாள். ஒரு மாதத்தில் அந்தக் கண் போயிற்று. விழித்திரையில் ரத்தக் கசிவு. கண் டாக்டர் ரொம்பத் தன்மையாகத்தான் சொன்னார்: “ரெண்டு மூணு வருஷம் முன்னாடி வந்திருந்தா லேசர் வெச்சுக் காப்பாத்தியிருக்கலாம்.”

ரெண்டு மூணு வருஷம் முன்னாடி அம்மாவுக்குக் கண்ணில் ஒரு தொந்தரவும் இல்லை. வலியில்லை, மங்கலில்லை. சர்க்கரை விழித்திரையை அரிப்பது அப்படித்தான்... சத்தம் போடாமல். உள்ளே ஒரு போட்டோ எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். எங்கள் ஊரில் யாரும் எடுக்கச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எடுத்துப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை.

இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடிப் பேர் என்று 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. இத்தனை பேருக்கும் வருடா வருடம் கண்ணைப் பார்க்க விழித்திரை டாக்டர்களுக்கு எங்கே போவது? அந்த இடத்தில்தான் நண்பர் சொன்ன ‘ஏ.ஐ.’ வருகிறது. அதனால் ‘மெஷினாவது, வைத்தியம் பார்ப்பதாவது’ என்று என்னால் உதட்டைப் பிதுக்க முடியாது. அந்த மெஷின் முப்பது வருடம் முன்னால் வந்திருந்தால் அம்மா இன்னும் சில வருடம் கோலம் போட்டிருப்பாள்.

சரி, மெஷின் எப்படி வைத்தியம் கற்றுக்கொள்கிறது?

‘ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்’ என்று ஒரு பழமொழி சொல்வோம். விவரம் தெரிந்தவர்கள் உடனே, ‘ஐயையோ, அது பேர் இல்லை, வேர்... ஆயிரம் வேரைக் கண்டவன்’ என்று திருத்துவார்கள். மூலிகை வேர்கள் ஆயிரத்தைப் பார்த்துப் பழகியவனே பாதி வைத்தியன்தான் என்று அர்த்தம்.

கம்ப்யூட்டர் கற்றுக்கொள்வதும் இதே முறைதான். அதற்குப் புத்தகம் சொல்லித் தருவதில்லை. வேர்களைக் காட்டுகிறார்கள். கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 2016-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 1,28,175 விழித்திரை போட்டோக்களை எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் எடுத்தவை கொஞ்சம். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயா ஆகிய நம்மூர்க் கண் ஆஸ்பத்திரிகளில் எடுத்தவை கொஞ்சம். 54 கண் டாக்டர்கள் உட்கார்ந்து, ஒவ்வொரு படத்தையும் மூன்றிலிருந்து ஏழு தடவை பார்த்து, ‘இதில் நோய் இருக்கிறது, இதில் இல்லை’ என்று குறித்துக் கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் அத்தனையையும் பார்த்துப் பார்த்துத் தானாக அடையாளம் கண்டுபிடித்தது. கடைசியில், தேர்ந்த கண் டாக்டர்களுக்கு இணையாகச் சொன்னது.

இது வேரைக் கண்ட கதை. பேரைக் கொன்ற கதை ஒன்று இருக்கிறது.

எலிசபெத் ஹோம்ஸ் என்ற பெண் 2003-ல் தன்னுடைய 19-வது வயதில் அமெரிக்காவில் ‘தெரானோஸ்’ என்ற கம்பெனியை ஆரம்பித்தார். விரல் நுனியில் ஒரு சின்னக் குத்து, சில சொட்டு ரத்தம். அதிலேயே நூற்றுக்கணக்கான டெஸ்ட்டுகள்! ஊசியைக் கண்டால் ஓடுகிறவர்கள் எல்லோருக்கும் இனிக்கிற செய்தி. 70 கோடி டாலருக்கு மேல் முதலீடு குவிந்தது. கம்பெனியின் மதிப்பு 900 கோடி டாலர் என்றார்கள். இயக்குநர் குழுவில் ஹென்றி கிஸிஞ்சர், ஜார்ஜ் ஷுல்ட்ஸ் என்று முன்னாள் வெளியுறவு அமைச்சர்களே இரண்டு பேர். பணம் போட்டவர்களில் பத்திரிகை அதிபர் ரூபர்ட் மர்டாக்கும் வால்மார்ட் குடும்பமும் உண்டு.

ஒன்று மட்டும் இல்லை. மெஷின் வேலை செய்யவில்லை.

‘எடிசன்’ என்று பெயர் வைத்த அந்தப் பெட்டியில் ஒரு சில டெஸ்ட்டுகள்தான் ஓடின. அவற்றின் ரிசல்ட்டும் நம்பும்படி இல்லை. மீதி எல்லாம் வெளியில் வாங்கிய சாதாரண மெஷின்களில் நடந்தது. ‘உங்கள் முறையைக் கொஞ்சம் காட்டுங்களேன், மற்ற விஞ்ஞானிகள் சோதித்துப் பார்க்கட்டும்’ என்று யாராவது கேட்டால், ‘வியாபார ரகசியம்’ என்று பதில் வந்தது.

உள்ளே வேலை பார்த்த, இருபதுகளில் இருந்த இரண்டு பேருக்கு மனசு கேட்கவில்லை. எரிகா செங் என்ற பெண் அரசாங்கத்துக்குப் புகார் எழுதினார். இன்னொருவர் டைலர் ஷுல்ட்ஸ். இயக்குநர் ஜார்ஜ் ஷுல்ட்ஸின் சொந்தப் பேரன். தாத்தாவிடமே போய்ச் சொன்னார். தாத்தா பேரனை நம்பவில்லை, கம்பெனியை நம்பினார். 2015-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நிருபர் ஜான் கேரிரூ எழுதிய பிறகுதான் பூனைக்குட்டி வெளியே வந்தது. 2018-ல் கம்பெனி இழுத்து மூடப்பட்டது.

ஆனால், இடைப்பட்ட காலத்தில் அது பரிசோதனைச்சாலை எலிகளின் ரத்தத்தைச் சோதிக்கவில்லை. அரிசோனா மாநிலத்தில் மருந்துக் கடைகளில் வந்து கை நீட்டிய மனிதர்களின் ரத்தத்தைச் சோதித்தது. கருச்சிதைவுகளால் ஏற்கெனவே நொந்துபோயிருந்த ஒரு பெண். மறுபடி கர்ப்பமாகி டெஸ்ட்டுக்குப் போகிறார். ‘இதுவும் தங்காது’ என்று பொருள்படுகிற ரிசல்ட் வருகிறது. வேறு இடத்தில் சோதித்ததில் கரு நன்றாகவே இருந்தது. குழந்தையும் ஆரோக்கியமாகப் பிறந்தது. அவர் கோர்ட்டில் வந்து இதைச் சொன்னார். யோசித்துப் பாருங்கள், முதல் ரிசல்ட்டை மட்டும் நம்பியிருந்தால்..?

இப்போது தீர்ப்புக்கு வருவோம். நான் இந்தக் கட்டுரையை எழுதுவதே அந்தத் தீர்ப்புக்காகத்தான்.

2022 ஜனவரியில் ஜூரிகள் ஹோம்ஸை நான்கு குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்றார்கள். நான்குமே முதலீட்டாளர்களை ஏமாற்றியதற்காக! நோயாளிகளை ஏமாற்றியதாகச் சொன்ன குற்றச்சாட்டுகளில் அவரை விடுவித்துவிட்டார்கள். அவருடைய கூட்டாளி பல்வானியை வேறு ஜூரிகள் ஆறு மாதம் கழித்து இரண்டு விதத்திலும் குற்றவாளி என்றார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2023-ல் இருவரும் சேர்ந்து சுமார் 45 கோடி டாலர் திருப்பித் தர வேண்டும் என்று கோர்ட் உத்தரவிட்டது. யாருக்கு? பணம் போட்டவர்களுக்கு. அரிசோனா நோயாளிகளுக்கு 2017-ல் மாநில அரசு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி டெஸ்ட்டுக்குக் கொடுத்த காசு, 46.5 லட்சம் டாலர், திரும்பி வந்தது. அப்புறம் தனியாக ஒரு சிவில் வழக்கு நடத்தி இன்னும் கொஞ்சம்.

ஜூரிகளைக் குறை சொல்லி லாபமில்லை. முதலீட்டாளரிடம் ஹோம்ஸ் நேரில் பேசினார், கணக்குக் காட்டினார். அது கையும் களவுமான பொய். நோயாளியிடம் அவர் பேசவே இல்லை. அதனால் நிரூபிப்பது கஷ்டம். ஆனால், இதில்தான் எனக்குத் தூக்கம் கெடுகிறது. நோயாளி அந்தக் கூட்டத்திலேயே இல்லை! பொய் சொல்வதற்குக்கூட யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

மருந்தைப் பற்றிப் பேசும்போது வள்ளுவர் வைத்தியத்துக்கு நான்கு பேரைச் சொல்கிறார். நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறவர். பங்குதாரர் என்று ஐந்தாவது ஆள் அந்தப் பட்டியலில் இல்லை. இன்றைக்கு ஐந்தாவது ஆள் வந்துவிட்டார். வரட்டும், தேவைதான் என்று மேலேயே ஒப்புக்கொண்டோம். ஆனால், வந்தவர் முதல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டால், மற்ற நான்கு பேரில் நோயாளிதான் தரையில் உட்கார வேண்டியிருக்கிறது.

‘அது மோசடி ஸார். எல்லாக் கம்பெனியுமா அப்படி?’ என்று நீங்கள் கேட்பது நியாயம். மோசடியே இல்லாத, நல்ல எண்ணத்தோடு செய்த இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன்.

கண்ணைப் பார்க்கிற அந்த கூகுள் கம்ப்யூட்டரைத் தாய்லாந்தில் 11 கிளினிக்குகளில் வைத்துப் பார்த்தார்கள். லேபில் கெட்டிக்காரனாக இருந்த மெஷின் அங்கே திணறியது. காரணம் ரொம்பச் சின்னது. கிராமத்து கிளினிக்கில் தனி இருட்டறை கிடையாது. நர்ஸ் அவசரத்தில் எடுத்த போட்டோக்களில் 21 சதவிகிதத்தை ‘தெளிவில்லை’ என்று மெஷின் திருப்பி அனுப்பிவிட்டது. இன்டர்நெட் வேறு நத்தை வேகம். கண்ணில் கோளாறே இல்லாதவர்கள்கூட இன்னொரு நாள், இன்னொரு ஊருக்கு அலைய வேண்டியதாயிற்று. கூகுள்காரர்கள் 2020-ல் இதைத் தாங்களே ஆய்வாக எழுதி வெளியிட்டார்கள். அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு.

இரண்டாவது உதாரணம் இன்னும் உறைக்கும். அமெரிக்காவில், ‘யாருக்கு விசேஷ கவனிப்பு தேவை?’ என்று சொல்ல ஆஸ்பத்திரிகள் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமைப் பயன்படுத்தின. நோய் எவ்வளவு கடுமை என்பதை எப்படி அளப்பது? அந்த நோயாளிக்கு இதுவரை ஆன வைத்தியச் செலவை வைத்து அளந்தது அது. செலவு அதிகம் என்றால் நோய் அதிகம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா? ஆனால், வசதியில்லாதவன் வலித்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டான். மெடிக்கல் ஷாப்பில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவான். செலவு குறைவு, அதனால் நோய் குறைவு என்று மெஷின் முடிவு கட்டிவிட்டது. 2019-ல் ‘சயின்ஸ்’ பத்திரிகையில் வந்த ஆய்வு இதைக் கண்டுபிடித்தது. விசேஷ கவனிப்புக்குத் தேர்வானவர்களில் கறுப்பின மக்கள் 17.7 சதவிகிதம். கணக்கைச் சரிசெய்தால் 46.5 சதவிகிதம் இருக்க வேண்டுமாம்!

இங்கே யாரும் திருடவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை. பணத்தால் வலியை அளந்தார்கள், அவ்வளவுதான். பணமில்லாதவன் வலி கணக்கில் வரவில்லை.

‘அப்படியென்றால் முழுசாகச் சரியாகும்வரை காத்திருக்கலாமே’ என்றால், அதுவும் தப்பு. காத்திருந்ததற்கும் விலை உண்டு. அம்மாவின் கண் அந்த விலை. வேகமாகப் போனால் ஒரு பெண்ணின் கர்ப்பம், நிதானமாகப் போனால் ஒரு கிழவியின் பார்வை. இதில் எதைச் செய்வது?

ரிஸ்க் எடுப்பது தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன். முதலீடு என்றாலே ரிஸ்க்தான். யாருடைய ரிஸ்க் என்பதில்தான் தர்மம் இருக்கிறது. என் பத்து லட்சம் போகலாம். அது நான் தெரிந்து வைத்த பந்தயம். புதிய மருந்தையோ மெஷினையோ சோதிக்கும்போது, ‘இது இன்னும் நிரூபணமாகவில்லை, சம்மதமா?’ என்று கேட்டு, ஒருவர் சரி என்று கையெழுத்துப் போட்டால், அவரும் தெரிந்து எடுக்கிற ரிஸ்க். அரிசோனாவில் கை நீட்டியவர்களுக்குத் தாங்கள் ஒரு பந்தயத்தில் இருக்கிறோம் என்பதே தெரியாது. பந்தயம் கட்டியது ஒருவர், பணயம் வைக்கப்பட்டது இன்னொருவர். பாரதம் தெரிந்த நமக்கு இது புதிதா என்ன?

ஒழுங்காகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். மைக்கேல் ஆப்ரமாஃப் என்ற கண் டாக்டர் 2010-ல் அமெரிக்காவில் ‘ஐடிஎக்ஸ்’ என்ற கம்பெனியை ஆரம்பித்தார். அதே வேலைதான், சர்க்கரையால் வரும் கண் நோயைக் கம்ப்யூட்டர் மூலம் கண்டுபிடிப்பது. சுமார் 900 நோயாளிகளிடம், கண் டாக்டரே இல்லாத சாதாரண கிளினிக்குகளில் வைத்து, முறைப்படி சோதித்தார்கள். நோய் இருக்கிற நூறு பேரில் சுமார் 87 பேரைப் பிடித்தது. நூற்றுக்கு நூறு இல்லை. ‘இல்லை’ என்பதை வெளிப்படையாகச் சொன்னார்கள். 2018-ல்தான் அரசு அனுமதி கிடைத்தது. எட்டு வருடம்! ‘அஞ்சு வருஷத்துல பத்து மடங்கு’ கேட்கிற பணத்துக்கு இந்தப் பொறுமை இருக்குமா?

இன்னொன்றும் செய்தார்கள். எங்கள் மெஷின் தப்பாகச் சொன்னால், அதற்கு நாங்களே பொறுப்பு என்று அறிவித்து, டாக்டர்கள் எடுத்து வைப்பது போல அதற்கென்று இன்ஷூரன்ஸும் எடுத்தார்கள். தன் தப்புக்குத் தானே ஜாமீன் நிற்கிற மெஷினை அரை வைத்தியன் என்று கூப்பிட எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆகவே, உங்களிடமும் யாராவது இப்படி ஒரு ‘நல்ல விஷயம்’ கொண்டு வந்தால், எத்தனை மடங்கு என்று கேட்பதற்கு முன்னால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த மெஷினை வெளி ஆட்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா? எங்கே, யார் மேல் சோதித்தார்கள்? அது தப்பாகச் சொன்னால் முதலில் அடிபடுவது யார், பொறுப்பேற்பது யார்? தெரானோஸில் பணம் போட்ட கோடீஸ்வரர்கள் இதைக் கேட்டிருந்தால், அவர்கள் பணமும் பிழைத்திருக்கும். தர்மமும் லாபமும் ஒரே தெருவில் நடப்பது அபூர்வம். நடக்கும்போது கூடவே போய்விடுவது நல்லது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது நண்பர் மறுபடி கூப்பிட்டார்.

“ஸார், நீங்க கேட்டீங்களேன்னு நானும் அந்தப் பையன்கிட்ட கேட்டேன். கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லிட்டா யாருப்பா பொறுப்புன்னு.”

“என்ன சொன்னார்?”

“‘கவலையே படாதீங்க அங்கிள். கடைசி முடிவு டாக்டரோடதுன்னு அக்ரிமென்ட்லயே போட்டிருக்கோம். நமக்கு ஒண்ணும் வராது’ன்னான்.”

“நல்லதுதானே?”

“நல்லதுதான். கேட்டதும் எனக்கு நிம்மதி வந்திருக்கணும்” என்றார். கொஞ்சம் நிறுத்தி, “அன்னிக்கு வீட்டம்மாவைப் பத்திக் கேட்டுட்டீங்க ஸார். அந்த ‘நமக்கு’ல அவ இருக்காளா, இல்லையான்னே தெரியலை” என்றார்.

பத்து லட்சத்தைப் போடுவாரா என்று நான் கேட்கவில்லை. வீட்டம்மாவுக்கும் சர்க்கரையாம். இந்த வாரம் கண்ணை ஒரு போட்டோ எடுத்துப் பார்த்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

உங்கள் வீட்டிலும் யாருக்காவது சர்க்கரை இருந்தால், உங்களுக்கும் அதையேதான் சொல்வேன்.